மருத்துவர் கேட்ட மூன்று வினாக்கள்



சென்ற திங்கள் நம் மகளுக்குத் தலைவலி ஓயாதிருந்தமையால் போசரியிலுள்ள ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருந்து எழுதுமுன் அவர் மூன்று வினாக்களைக் கேட்டார். குழந்தை எத்தனை மணிக்கு உறங்குகிறாள்? காலையில் என்ன உண்கிறாள்? யாருடன் விளையாடுகிறாள்? கணக்குப் பாடத்தில் அவள் பெற்ற மதிப்பெண்ணைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போம். இவற்றிற்கோ விடையறியாது விழித்தோம். ரயில்வே அலுவலகத்தில் ஏடுகளைப் பிழையின்றி எழுதி வைக்கும் நாம், வீட்டில் ஒரு குழந்தையைக் கவனியாது விட்டோம்.

காலை ஆறரைக்குப் பள்ளி, மாலையில் தனிப்பயிற்சி, இரவு எட்டுக்கு மேல் வீட்டுப்பாடம். இவ்வாறு ஏற்பாடு செய்தவர் நாமே. பத்தாம் வகுப்போடு நின்றுபோன நம் படிப்பின் குறையை அவள் தீர்க்க வேண்டுமென்ற ஆசையே அதற்குக் காரணம்.

நாம் பிழைக்க வந்த இப்புனேயில், கல்வி யாதென்று வாழ்ந்து காட்டியவர் சாவித்திரிபாய் புலே அம்மையார். 1831-இல் பிறந்த அவர், மணமாகி வந்தபோது எழுத்தறியாதவர். கணவர் ஜோதிராவ் புலேயிடமே எழுத்துக் கற்றார். 1848-இல் பிடே வாடா என்னும் வீட்டில் இருவரும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். எதிர்த்தோர் வழியில் சேற்றையும் சாணத்தையும் வீசினர். அம்மையாரோ மாற்றுப் புடவை ஒன்றை உடன் கொண்டு சென்று பாடம் நடத்தினார். 1855-இல் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் இரவுப் பள்ளி அமைத்தனர். 1863-இல் கதியற்ற கைம்பெண்கள் அச்சமின்றி மகவு ஈன்றிடத் தம் இல்லத்திலேயே இடமளித்தனர். 1897-இல் பிளேக் நோய் பரவிய காலத்தில், நோயுற்றோர்க்குப் பணி செய்த அம்மையார் அந்நோயாலேயே உயிர் நீத்தார். அவர் கற்ற எழுத்து ஏட்டோடு நிற்கவில்லை. பிறர் துயர் துடைக்கும் துணிவாக வளர்ந்தது. நம் குழந்தைகளின் கல்வி மதிப்பெண் பட்டியலோடு நின்றுவிடலாமா?

இப்பொழுது தனிப்பயிற்சியை வாரத்தில் மூன்று நாட்களாகக் குறைத்துள்ளோம். இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுகிறோம். உணவுக்குப் பின் அரைமணி நேரம் நாம் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கிறோம். அவள் நமக்கு மராத்தி கற்பிக்கிறாள். "அப்பா, மராத்தியில் ககரம் நான்கு, நீங்கள் நான்கையும் ஒன்றாகவே சொல்கிறீர்கள்" என்று கூறி அவள் சிரித்தாள். அச்சிரிப்பைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன என்பது அப்பொழுதுதான் நினைவிற்கு வந்தது.

தலைவலி முற்றிலும் நீங்கிவிட்டதென்று சொல்லோம், குறைந்திருக்கிறது. கணக்கில் நான்கு மதிப்பெண்களும் குறைந்தன. அது கண்டு உள்ளம் துணுக்குற்றதையும் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் பழைய ஏற்பாட்டிற்குத் திரும்புவதாக இல்லை.

இவ்விதழைப் படிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவர் கேட்ட அம்மூன்று வினாக்களையும் இன்றிரவு உங்களையே கேட்டுப் பாருங்கள். விடை தெரியாவிடின் குழந்தையைக் கேளுங்கள். அருகிலமர்ந்து, பொறுமையுடன் கேளுங்கள்.