சுரைக்குடுக்கையும் கம்ப்யூட்டரும்

இரண்டு நாளாக எங்கள் வீட்டில் ஒரே டமடம சத்தம்! கல்லூரியில் படிக்கும் என் பெண்தான் செல்போனில் ஏதோ வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, மிக்ஸியில் கூழாங்கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கே, என்ன பாட்டு இது?" என்றேன்.

"கல்யாணப் பாட்டும்மா!" என்றாளே பார்க்கலாம்.

கல்யாணம் என்று காதில் விழுந்தால் நமக்குக் கை வேலை ஓடுமா? உட்கார வைத்துக் கேட்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன். கதை சுவையாகத்தான் இருக்கிறது, சகோதரிகளே.

ஆப்பிரிக்காவில் யுகாண்டா நாட்டின் வடக்கே அச்சோலி என்ற இனத்தார் இருக்கிறார்கள். குலு என்பது அங்குள்ள பெரிய ஊர். அவர்களுடைய கல்யாணங்களில் 'லராகராகா' என்றொரு ஆட்டம் உண்டு. இளைஞர்கள் பாதியாக வெட்டிய காய்ந்த சுரைக்குடுக்கையை ஒரு கையில் பிடித்து, சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளால் படபடவென்று தட்டுவார்கள். அந்த வேகத்துக்குப் பெண்களும் ஆண்களுமாக ஆடுவார்கள். வயசுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்துப்போவதும் அங்கேதான்! கூடவே 'அடுங்கு' என்ற நரம்புக்கருவி. படத்தில் பார்த்தேன், நம் பழைய வில்யாழ் மாதிரியே இருக்கிறது.

இப்படி அமர்க்களமாக நடந்த கல்யாணங்களுக்கு வந்தது கேடு. 1987 வாக்கில் தொடங்கி 2006 வரை வட யுகாண்டாவில் கிளர்ச்சிப் படைக்கும் அரசுக்கும் சண்டை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசல், ஆடு மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களில் கிடந்தார்கள். குழந்தைகளைக்கூடப் பிடித்துக்கொண்டு போய்த் துப்பாக்கியைக் கையில் கொடுத்த சண்டை அது. படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் கல்யாணம் நிற்குமா? பெண்ணும் பிள்ளையும் வளரத்தானே செய்வார்கள்! ஒரு முழு ஆட்டக் குழுவை வரவழைக்கப் பணம்தான் இல்லை. அப்போதுதான் ஓடிம் ஆல்ஃபா என்ற பாடகரும், லியோ பாலயெங் என்ற இசையமைப்பாளரும் குடுக்கைத் தாளத்தைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கினார்கள். இது 2000-க்குப் பிறகு நடந்தது. ஓடிம் ஆல்ஃபா முன்னாள் குத்துச்சண்டை வீரராம்! ஒரு கும்பல் செய்த வேலையை ஒரு பெட்டி செய்தது. பாடுவதற்கு ஆள் இருந்தால் போதும், கல்யாணம் களைகட்டிவிடும். இந்த இசைக்கு 'அச்சோலிட்ரானிக்ஸ்' என்று பெயரும் வந்துவிட்டது.

இதைச் சொன்னதும் என் மாமியார் கேட்டார்: "அப்போ குடுக்கை தட்டின பிள்ளைங்க பிழைப்பு என்ன ஆச்சு?"

நியாயமான கேள்விதான். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். முகாமில் இருந்த அப்பனுக்குக் குழுவைக் கூப்பிட வழியே இல்லை. பெட்டி வராவிட்டால் அந்தக் கல்யாணம் ஊமைக் கல்யாணமாக அல்லவா போயிருக்கும்? லராகராகா ஆட்டமும் அழிந்துவிடவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஆடுகிறார்கள். இருந்தாலும் பத்துப் பேர் சேர்ந்து தட்டும்போது ஒருவன் பிந்துவான், ஒருவன் முந்துவான். அந்த அழகு பெட்டிக்கு வருமா என்ன?

இந்தப் பாட்டுகளைத் தொகுத்து 2017-ல் வெளியிட்டவர்கள் தலைநகர் கம்பாலாவில் இருக்கும் 'நியேகே நியேகே' கூட்டத்தார். இதே பெயரில் 2015 முதல் ஒரு இசை விழாவும் நடத்துகிறார்கள். லுகாண்டா மொழியில் இதற்கு 'அடக்க முடியாமல் ஆடத் தோன்றும் துடிப்பு' என்று பொருளாம். சுவாஹிலியில் வேறு பொருள், அதை இங்கே எழுத முடியாது!

விழா பிறந்த இடம், நைல் நதி புறப்படும் ஜின்ஜா. 1948-ல் காந்திஜியின் அஸ்தியில் ஒரு பங்கைக் கரைத்த அதே ஊர். நான்கு நாள் இரவு பகலாக நதிக்கரையில் கச்சேரி. கம்பிரே என்ற யுகாண்டாப் பெண் இசைத்தட்டுகளைக் கோத்து வாசித்தே ஐரோப்பா வரை பேர் வாங்கிவிட்டார். பக்கத்து தான்சானியாவிலிருந்து 'சிங்கெலி' என்று ஒன்று வருகிறது. நிமிஷத்துக்கு 200 தாளத்துக்கும் மேல்! சும்மா உட்கார்ந்திருக்கும் நமக்கு நாடி 60-லிருந்து 100-க்குள் அடிக்கும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? 2018-ல் ஒழுக்கத்துறை அமைச்சர், விழா தொடங்க வேண்டிய வாரத்தில் தடை போட்டார். எதிர்ப்புக் கிளம்பவே நிபந்தனைகளோடு நடந்தது. 2022-ல் பாராளுமன்றமே நிறுத்தச் சொன்னது. ரொபினா நப்பஞ்சா என்ற பெண் பிரதமர், கட்டுப்பாடுகள் விதித்து நடத்தவிட்டார். குடி, ராத்திரி, கும்பல் என்றால் பெற்றவளுக்குப் பயம் வரத்தான் செய்யும். எனக்கும் வரும். அதற்காக, கல்யாணப் பந்தலில் பிறந்த பாட்டையே ஒழுக்கக்கேடு என்றால் எப்படி?

இதையெல்லாம் பேசிக்கொண்டே கீரை ஆய்ந்து முடித்தேன்.

"ஏம்மா, ஒரு தரம் அந்த விழாவுக்குப் போகலாமா?" என்றாள் பெண், மெதுவாக.

"முதலில் மேப்பை எடுத்து, ஜின்ஜா எங்கே இருக்குன்னு உங்க அப்பாவுக்குக் காட்டு. அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.