பெரியம்மா ஏன் சீக்கிரம் கிளம்பினார்?

ஐந்து நாள் தங்குவதாகச் சொல்லிக் கும்பகோணத்திலிருந்து வந்த என் பெரியம்மா, மூன்றாம் நாள் காலையிலேயே பையும் கையுமாக நின்றார். "தொட்டிச் செடியெல்லாம் வாடிப் போயிடும்டி. இன்னொரு தடவை வந்து நிறைய நாள் இருக்கேன்" என்றார். தாயில்லாத என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவர். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. சமையல் பிடிக்கவில்லையா, இவர் ஏதாவது வாய் தவறிச் சொல்லிவிட்டாரா என்று அன்று பூராவும் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

சாயங்காலம் என் எட்டு வயதுப் பெண் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "அம்மா, ராத்திரி நான் பாத்ரூம் போறப்போ பாட்டி சோபாவிலே உக்காந்துக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு நாளும் அப்படித்தான். அம்மாகிட்ட சொல்லாதேன்னாங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். வருகிறவர்களுக்கு ஆகட்டுமே என்று ஹாலுக்கு ஒரு 'சோபா கம் பெட்' வாங்கிப் போட்டோம். வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. நானோ இவரோ ஒரு ராத்திரிகூட அதில் படுத்துப் பார்த்ததில்லை!

அன்றிரவே தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் விளங்கிவிட்டது. எங்களுடையது, அடிப்பலகையை முன்னால் இழுத்து, சாய்மான மெத்தையைக் காலி இடத்தில் போடுகிற ரகம். உட்காரும் மெத்தை கெட்டி. சாய்மான மெத்தை மெது மெது. இரண்டும் சேரும் இடத்தில் தலை முதல் கால் வரை ஒரு பள்ளம். நடுவில் படுத்தால் முதுகெலும்பு நேராக அதில் இறங்குகிறது. மேலுறை வேறு நைலான். முதுகெல்லாம் கசகசவென்று வியர்வை. நாற்பது வயதில் எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது என்றால், முட்டிவலிக்காரப் பெரியம்மா என்ன பாடு பட்டிருப்பார்!

பிறகு ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். உங்களுக்கும் உபயோகப்படும்.

முதலில் பள்ளம். பழைய வேஷ்டியை நீளவாட்டில் இறுக்கிச் சுருட்டி, பள்ளத்தில் திணித்தேன். மெத்தைகள் விலகாமலிருக்க, பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டேன். அதன் மேல் பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்து, இரண்டு மெத்தைகளையும் மூடுகிற மாதிரி விரித்தேன். இதற்கு மேல் மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று போட்டால் கட்டில் தோற்றது! பஞ்சு மெத்தையை மாதம் ஒருமுறை வெயிலில் காய வையுங்கள். சோபாவின் ஃபோம் மெத்தைக்கு மட்டும் கடும் வெயில் ஆகாது. நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

விரிப்பு பருத்தியாகவே இருக்கட்டும். நான்கு மூலையிலும் நாடா தைத்து, சோபாவின் காலில் கட்டிவிட்டால் புரண்டாலும் சுருளாது.

அடுத்தது உயரம். விரித்த சோபா பெரும்பாலும் முட்டிக்குக் கீழேதான் இருக்கும். வயதானவர்கள் எழுந்திருக்கத் திண்டாடுவது இதனால்தான். பக்கத்தில் சுவரோடு ஒட்டி, அசையாத மர நாற்காலி ஒன்றைப் போடுங்கள், பிடித்து எழலாம். மல்லாந்த நிலையிலிருந்து சட்டென்று எழக்கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிஷம் கழித்து எழுந்தால் இடுப்புக்கும் நல்லது, தலையும் சுற்றாது. முட்டி, இடுப்பு ரொம்பவும் மோசமாக இருப்பவர்களுக்கு இந்த வைத்தியமெல்லாம் போதாது. உங்கள் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, சோபாவில் நீங்கள் படுங்கள்.

ஹாலிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் டீப்பாய், மிதியடி, செருப்பு எதுவும் இருக்க வேண்டாம். சின்ன இரவு விளக்கு, கை எட்டும் இடத்தில் தண்ணீர், மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு முக்காலி. இவ்வளவும் இருந்தால், 'தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டுமே' என்று யாரும் தயங்க மாட்டார்கள்.

கைக்குழந்தையோடு வருகிற இளம் தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. பச்சைக் குழந்தையை சோபாவில் தூங்க வைக்கவே வைக்காதீர்கள். அணைத்துக்கொண்டு நீங்களும் கண் அயராதீர்கள். மெத்தை இடுக்கில் முகம் புதைந்தால் மூச்சு முட்டிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். சமமான, அழுத்தமான படுக்கையில், தலையணையும் தடித்த போர்வையும் இல்லாமல், குழந்தையைத் தனியாக மல்லாக்கப் படுக்க வைப்பதே பத்திரம்.

எல்லாம் முடிந்த பிறகு மறுபடியும் ஒரு ராத்திரி நானே படுத்துப் பார்த்தேன். விடியும் வரை அசையவில்லை. அப்புறம்தான் பெரியம்மாவுக்கு போன் செய்தேன்.

"செடிக்குத் தண்ணி ஊத்த அடுத்த வீட்டுப் பெண்கிட்டே சொல்லிட்டு வாங்க பெரியம்மா. படுக்கையை மாத்திட்டேன்."

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சே இல்லை. "அந்தக் குட்டி சொல்லிட்டாளா?" என்று சிரித்தார்.

தை மாதம் வந்தார். நாங்கள் எங்கள் கட்டிலைக் கொடுத்தோம்; ஒப்புக்கொள்ளவில்லை. சோபாவில்தான் படுத்தார். மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான் காபி டம்ளரோடு போய் நின்றபோது, லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. காபியைத் திருப்பிக் கொண்டு போய் மூடி வைத்தேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் பசித்தால்கூடக் கேட்டுவிடுவார்கள். 'உங்கள் வீட்டில் தூக்கம் வரவில்லை' என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள். ஆகவே, அடுத்த விருந்தாளி வருமுன் உங்கள் சோபாவில் நீங்கள் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். முதுகு உண்மையைச் சொல்லிவிடும்.