எந்தக் கடலின் மட்டம்?

அந்தமான் தலைநகருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு சர்வேயரின் பெயர் இருந்தது. கிழக்கிந்திய கம்பெனியின் கடற்படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் 1788-89-ல் அந்தக் கரைகளைச் சுற்றிவந்து, ஆழம் பார்த்து, படம் வரைந்தார். அவர் பெயரால் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் மத்திய அரசு அதை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியது. காலனிப் பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் போன பெயர் எந்த கவர்னருடையதும் அல்ல, நில அளவைக்காரர் ஒருவருடையது என்பது எனக்கு அண்மையில்தான் தெரியவந்தது.

சொன்னவள் அந்த ஊர்ப் பெண். நண்பரின் மகள். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறிய குடும்பம். சிவில் எஞ்ஜினியரிங் முடித்துவிட்டு ஜியோமேட்டிக்ஸில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்கிறாள். நில அளவையும் செயற்கைக்கோளும் கம்ப்யூட்டரும் ஒன்றாகச் சேர்ந்த படிப்பு. வீட்டில் பெரியப்பா முட்டுக்கட்டை. "சர்வேயரு வருவாரு, சங்கிலியப் புடிச்சு இழுப்பாரு, டீயக் குடிச்சுட்டுப் போவாரு. அதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?" என்று கேட்டாராம். "நீங்க சொன்னா கேப்பாரு மாமா" என்று எனக்கு போன் செய்தாள்.

தமிழ் எம்.ஏ. படித்தவன் இதற்கு எப்படிப் பஞ்சாயத்து செய்வது? அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று அவளிடமே கேட்டேன். பதிலுக்கு அவள் ஒரு கேள்வி கேட்டாள். "கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம்னு எழுதுவீங்கல்ல? எந்தக் கடல் மாமா?"

இருபது வருடமாக அந்த வாக்கியத்தை மொழிபெயர்த்து வருகிறேன். ஊட்டிக்கு எழுதியிருக்கிறேன், எவரெஸ்ட்டுக்கு எழுதியிருக்கிறேன். எந்தக் கடல், எந்த வருடத்துக் கடல் என்று ஒரு தடவையும் தோன்றியதில்லை.

ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே ஓர் உயரம் எழுதியிருக்குமே, அந்தக் கணக்குக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. கராச்சி, நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களில் அலை ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து சராசரி எடுத்தார்கள். அங்கிருந்து கோல் நட்டு, கருவி வைத்து, கல்லுக்குக் கல்லாக உயரத்தை நாடு முழுவதும் கொண்டுபோனார்கள். 1909-ல் அந்தக் கணக்கு முடிந்தது. நிலத்தில் இது சரி. அந்தமானுக்கும் சென்னைக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் கிடக்கிறது. கோலை எங்கே நடுவது? எனவே தீவுக்குத் தீவின் கரையில் இருக்கும் அலைமானியே ஆதாரம்.

இப்போதுதான் செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அது சொல்லும் உயரம் கடலிலிருந்து அல்ல. கணக்குக்காகப் பூமியை வழுவழுப்பான ஒரு நீள்கோளமாக வைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து சொல்கிறது. மெரினா மணலில் கருவியை வைத்து அதன் மூல எண்ணைப் பார்த்தால் மைனஸ் 90 மீட்டரை ஒட்டி ஏதோ காட்டும். கருவியில் கோளாறு இல்லை. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லாததால் கடல்பரப்பே மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே அது நீள்கோளத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. இந்த மேடுபள்ளத்தைக் கணக்கிட்டு ஒரு உயரத்தை இன்னொன்றாக மாற்றத் தெரியாவிட்டால் விலையுயர்ந்த கருவியும் வெறும் எண்ணைத்தான் தரும்.

மாற்றுவதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. லாஃபென்பர்க் என்ற ஊரில் ரைன் நதிக்கு மேலே ஜெர்மனியும் ஸ்விட்சர்லாந்தும் பாலம் கட்டின. ஒரு நாட்டின் கணக்கு வடகடலிலிருந்து, மற்றதன் கணக்கு மத்தியதரைக் கடலிலிருந்து. வித்தியாசம் 27 சென்டிமீட்டர். அது இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டார்கள். 2003-ல் பார்த்தால் இரு கரையும் 54 சென்டிமீட்டர் ஏறுமாறாக நின்றன. மொழிபெயர்ப்பாளனுக்கு இது நன்றாகப் புரியும். 'இல்லை' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டு ராத்தூக்கம் கெட்டவர்கள் எங்கள் தொழிலில் நிறைய.

லாஃபென்பர்க்கில் நிலமாவது நின்ற இடத்தில் நின்றது. அந்தமானில் அதுவும் நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுமத்ராவிலிருந்து வடக்கே அந்தமான் வரை 1,000 கிலோமீட்டருக்கும் மேல் பூமியின் மேலோடு கிழிந்தது. சுனாமியின் சாவுக் கணக்கில் நாம் மூழ்கியிருந்தபோது இன்னொன்றும் நடந்திருந்தது. தீவுகளே சில மீட்டர் தென்மேற்காக நகர்ந்துவிட்டன. வடக்கே திக்லிபூர் பக்கம் கரை உயர்ந்தது. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியது. தென்கோடியில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கி, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் நின்றது. வெளியாள் இறங்க முடியாத வடக்கு சென்டினல் தீவைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்தார்கள். சுற்றியிருந்த பவளப் பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்திருந்தன. தீவு மேலெழும்பியிருந்தது.

போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில் வயல்களுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தது, திரும்பிப் போகவில்லை. இன்று அது பறவை பார்க்கப் போகும் இடம். கடல் ஏறிவிட்டது என்று ஜனங்கள் சொன்னார்கள். கரையில் நட்ட அளவுகோலும் அதைத்தான் சொல்லும். தான் நிற்கும் தரை இறங்கியது கோலுக்குத் தெரியாது. கடல் ஏறியதா, தரை இறங்கியதா, எவ்வளவு, இன்னும் இறங்குமா, மெல்ல மேலே வருமா? இதைப் பிரித்துச் சொல்லத்தான் அந்த இரண்டு வருடப் படிப்பு. ஒரே புள்ளியைப் பலமுறை அளந்து, ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிட்டு, பிழையைப் பங்கிட்டு ஒரு முடிவுக்கு வருவது. இதற்கு 'மீச்சிறு வர்க்க முறை' என்று நம் பாடப்புத்தகங்களில் அழகான பெயர் இருக்கிறது.

ஒழுங்காக அளந்து வைத்தது என்றைக்காவது உதவும் என்பதற்கும் இந்தத் தீவுகளே சாட்சி. 1881 டிசம்பர் 31-ல் கார் நிகோபார் அருகே பெரிய பூகம்பம். அது எழுப்பிய சுனாமி நாகப்பட்டினத்தில் ஒரு மீட்டரைக்கூடத் தொடவில்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் வங்கக் கடலைச் சுற்றியிருந்த அலைமானிகள் அதைப் பதிவு செய்திருந்தன. ஆர்டிஸ், பில்ஹாம் என்ற இரு விஞ்ஞானிகள் அந்தப் பழைய பதிவுகளை எடுத்து, பூகம்பத்தின் இடத்தையும் பலத்தையும் (7.9) கணக்கிட்டு வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரை வந்தது 2003-ல். அடுத்த வருடக் கடைசியில் சுனாமி. அதைப் படித்து எச்சரிக்கும் ஏற்பாடு எதுவும் அப்போது நம்மிடம் இல்லை.

படிக்க வழி இல்லாமல் இல்லை. 1794-ல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் ஏற்பாட்டில் தொடங்கிய சர்வே பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. அங்கே இன்று தொலையுணர்தலும் ஜியோமேட்டிக்ஸும் முதுநிலைப் பாடங்கள். ரூர்க்கி, கான்பூர் ஐ.ஐ.டி.க்களில் படிக்கலாம். டேராடூனில் 1966 முதல் செயல்படும் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. 'கேட்' தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸுக்குத் தனித் தாளே வந்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம் வரைபடத் துறையின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி இந்திய நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். வேலைக்கும் வழி உண்டு.

ஆனால் நான் பெரியப்பாவிடம் வேலையைப் பற்றிப் பேசப் போவதில்லை என்று முடிவுசெய்தேன். கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று பெரிய திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அது வேண்டுமா வேண்டாமா என்று நாடு சண்டை போடுகிறது. காட்டையும் பழங்குடியினரையும் பற்றிய கவலைகள் எனக்கும் உண்டு. எந்தக் கட்சியில் நின்றாலும் ஒன்று மாறாது: இந்திரா முனை இறங்கியது அந்தத் தீவில்தான். அங்கே ஒரு சுவர் எழுப்புவதானாலும், எழுப்பக் கூடாது என்று வழக்குப் போடுவதானாலும், தரை இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் தீவில் பிறந்தவராகவும் இருந்தால் நல்லது. தரை மறுபடி அசைந்தால் போய்விடாமல் அங்கேயே இருப்பவர் அவர்தான்.

இதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு பெரியப்பாவுக்கு போன் செய்தேன். பாதி சொல்வதற்குள் அவர் குறுக்கிட்டார். சிப்பிகாட்டில் அவருக்கு நிலம் இருந்ததாம். நெல் போட்டாராம். எனக்கு அது தெரியாது. "ரெக்கார்டுல இன்னும் என் பேருதான் இருக்கு. போய்ப் பாத்தா கொக்கு நிக்குது" என்றார்.

"எவ்வளவு இறங்கிச்சுன்னு யாராவது அளந்து சொன்னாங்களா அண்ணே?"

"இடுப்பளவு தண்ணி. யாரு அளக்கணும்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார், "அது திரும்ப மேல வருமா தம்பி?"

எனக்குத் தெரியாது என்றேன். "அதைத்தான் உங்க பொண்ணு படிக்கணும்ங்கறா."

சேர்க்கைக்கு எவ்வளவு கட்ட வேண்டும், ஹாஸ்டல் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு கிண்டி போகிறேன்.