ஆயுளும் வாழ்வும்

நோய் தணிந்தது என்பது வேறு; வாழ்வு மீண்டது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கம் நம்மிடை வேரூன்றியுளது. அவ்வழக்கம் பிழையென்பதே எமது கருத்து. மண்டையோட்டின் அடித்தளத்தில் தோன்றும் புற்றுநோய் இதனை நன்கு விளக்கும்.

மூளையைத் தாங்கும் அவ்வெலும்புத் தளத்தின் துளைகள் வழியேதான் கண், செவி, முகம், தொண்டை, நாவு ஆகியவற்றிற்குரிய நரம்புகள் செல்லுகின்றன. ஆங்குத் தோன்றும் கார்டோமா என்னும் கட்டி மிக அரியது, மெல்ல வளர்வது. அதனை முற்றும் அகற்ற முயலின் நரம்பு பழுதுறலாம். சிறிது எஞ்ச விடின் கட்டி மீண்டும் தலையெடுக்கலாம். மருத்துவரின் இடர்ப்பாடு இதுவே.

இத்துறையில் நம் நாடு அடைந்த ஏற்றம் சிறிதன்று. 1949-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை நரம்பு அறுவைப் பணியைத் தொடங்கினார். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 2019 முதல் புரோட்டான் கதிர்ச் சிகிச்சையும் சென்னையில் நடைபெறுகின்றது. இவற்றிற்கெல்லாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆயினும், சிகிச்சையின் பயனை ‘ஐந்தாண்டு உயிரோடிருந்தார்’ என்னும் கணக்கால் மட்டும் அளத்தல் தகுமோ? பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவில் வலைவீசி வாழ்வான் ஒருவனுக்கு இந்நோய் வந்து தணிந்ததாகக் கொள்வோம். கண்ணைப் புறத்தே திருப்பும் ஆறாம் நரம்பு கெட்டால், நீரில் நாட்டிய கழி ஒன்று அவனுக்கு இரண்டாய்த் தோன்றும். தொண்டை நரம்பு கெட்டால், கஞ்சியும் புரையேறும். ஏட்டில் அவன் பிழைத்தவன். தோணியிலோ அவனுக்கு இடமில்லை.

‘உயிர் மிஞ்சினாற் போதாதோ?’ என்பார் உளர். உயிரே முதலென்பதை யாமும் மறுக்கின்றிலோம். ஆனால் எஞ்சிய உயிரோடு வாழவேண்டியவன் நோயாளியே அன்றோ? ஆதலின், சிகிச்சைக்கு முன்னரே அவனது தொழிலைக் கேட்டறிந்து, எந்நரம்பிற்கு என்ன இடர் நேரலாம் என்பதை அவனறிந்த தமிழில் உரைத்தல் வேண்டும். பின்னரும் இரட்டைப் பார்வைக்குரிய கண்ணாடி, விழுங்கும் பயிற்சி, மருத்துவமனைக்கு வந்துபோகும் வண்டிச் செலவு ஆகியன சிகிச்சையின் பகுதியாகவே எண்ணப்படல் வேண்டும். 1993-இல் ஐரோப்பிய அறிஞர் வெளியிட்ட முப்பது வினாக்கொண்ட பட்டியல், நோயாளியின் வேலை, உறக்கம், குடும்பம், பணமுடை முதலியவற்றையும் வினவுகின்றது. அத்தகைய வினாக்களோடு பார்வையையும் விழுங்குதலையும் பற்றி வினவி, விடைகளை ஆண்டுதோறும் குறித்து வருதல் நலம்.

மாற்கு சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில், மீனவர் ஊராகிய பெத்சாயிதாவில் நம் ஆண்டவர் குருடனொருவனைத் தொட்டபின், ஏதேனும் காண்கின்றாயோ என வினவினார். மனிதர் நடக்கும் மரங்களைப்போலத் தோன்றுகின்றனர் என்றான் அவன். பார்வை வந்ததே என்று அவர் அமைந்துவிடவில்லை. அவன் தெளிவாய்க் காணுமாறு மீண்டும் தொட்டார். அவ்வினாவை நம் மருத்துவமனைகள் மறவாதிருக்குமாக!