உடனே பிடிக்காத பாட்டு

கேட்ட மாத்திரத்தில் தலையாட்ட வைக்கும் பாட்டுக்கு நம் நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அதைப் பற்றி ஒருவர் எழுதி ஒருவர் படிக்கவேண்டிய அவசியமும் இல்லை. முதல் தடவை கேட்கையில் எழுந்து போய்விடலாமா என்று தோன்றி, பின்னால் விட்டுப் பிரிய மனம் வராதபடி நம்மை ஆட்கொண்டுவிடுகிற சங்கீதம் ஒன்று உண்டு. அதற்கு கர்நாடக சங்கீத வித்வான் எம். டி. ராமநாதனைக் காட்டிலும் பொருத்தமான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

பாலக்காட்டுச் சீமையில் 1923-ஆம் வருஷம் பிறந்து, பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, கலாக்ஷேத்திரத்தில் தம் குரு டைகர் வரதாச்சாரியாரின் நிழலிலேயே வளர்ந்த அவருடைய சாரீரம், ஆண் வித்வான்கள் சாதாரணமாக வைத்துக்கொள்ளும் சுருதிக்கு வெகுவாகக் கீழே, மிகக் கனத்து ஒலிப்பது. காலப்பிரமாணத்தின் மந்தமோ கேட்கவே வேண்டாம். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் மத்தியமகாலக் கச்சேரியிலும், ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களிலும் ஊறிப்போன செவிக்கு, இந்த மனிதர் பாட மறந்துவிட்டாரோ என்ற சந்தேகம்கூட எழும். எனக்கும் எழுந்தது.

தியாகராஜ சுவாமிகளின் 'கிரிபை'யை அவர் பாடிக் கேளுங்கள். அது சஹானா ராகம். அவரோகணத்தில் காந்தாரத்துக்கு வந்தபின் மத்தியமத்துக்குத் திரும்பி, ரிஷபத்தைத் தொட்டு, மறுபடி காந்தாரத்துக்கு ஏறி, அப்புறமே ஷட்ஜத்தை அடையும் வக்ர கதி அதற்கு. வேகமாகப் பாடினால் இந்த நெளிவுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்கிப்போகும். ராமநாதனோ ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து வைக்கிறார்; ஒரு பிடியைப் பாடிவிட்டுச் சும்மா இருக்கிறார்; அந்த இடைவெளியில் தம்பூரா மட்டும் கேட்கிறது. முதலில் நமக்கு அலுப்பைத் தருவது அந்த இடைவெளிதான். ராகம் முழுவதும் மனத்தில் நிறைவதும் அங்கேதான்.

இந்தப் பாட்டு நமக்குப் பிடிக்க ஏன் இந்தத் தாமதம் என்றால், செவி கேட்பதோடு நிற்பதில்லை, அடுத்து வரப்போவதை எதிர்பார்த்துக்கொண்டு முன்னால் ஓடுகிறது. பாடகர் பின்தங்கினால் அதற்குக் கோபம் வருகிறது. அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டபின், வரப்போவது தெரிந்துவிடுவதால், ஓட்டம் தானாகவே அடங்கிப்போகிறது. இப்படிக் கேட்டுப் பழகினால் போதும்; ராக லக்ஷணம் தெரிந்தால்தான் ரசிக்க முடியும் என்னும் பண்டிதர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. கரஹரப்பிரியாவுக்கும் கல்யாணிக்கும் பேதம் அறியாத எங்கள் அத்தை, அடுக்களையில் கூட்டுக்கு அரைத்துக்கொண்டே வானொலியில் இதே சஹானாவைக் கேட்டுவிட்டு, அம்மியை நிறுத்திவிட்டாள்.

இதனால் மந்தமாக இழுப்பவர்களெல்லாம் மகா வித்வான்கள் என்று கொள்ளவேண்டாம். சரக்கில்லாமல் இழுப்பவர்களும் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களை எத்தனை முறை கேட்டாலும் முதல் முறை கேட்டதற்கு மேல் ஒன்றும் அகப்படாது.

ராமநாதன் 1984-இல் காலமானார். ஒலிப்பதிவுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. இரவுச் சாப்பாடு முடிந்து, வேறு ஜோலி எதுவும் வைத்துக்கொள்ளாமல், அந்தச் சஹானாவை ஒரு வாரம் தினமும் கேட்டுப் பாருங்கள். அப்பொழுதும் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், அதில் பாபம் ஒன்றுமில்லை. முதல் நாளே விட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.