வைக்கோல் இல்லாமல் செங்கல்



சுண்ணாம்புக்குளம் தொடங்கி பழவேற்காடு ஏரியை ஒட்டியுள்ள மீனவ ஊர்களில் 'பாடு' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ஏரியின் எந்தப் பகுதியில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. அதிலும் குறை இருக்கிறது. இருளர் போன்ற ஏழை மக்களுக்கு அதில் பங்கு இல்லை. ஆனால் பாடு உள்ள மீனவருக்கு, இன்று தம் முறை இல்லையென்றாலும், அது எப்போது வரும் என்பதாவது தெரியும்.

இப்பகுதியில் படித்து முடித்து, கும்மிடிப்பூண்டி ரயிலேறி, சென்னையின் மறுகோடியிலுள்ள பழைய மாமல்லபுரம் சாலைக்குக் கணினி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை. அவர்களில் பலர் 'காண்ட்ராக்ட்' ஊழியர்கள். வேலை ஒரு பெரிய நிறுவனத்தில். சம்பளச் சீட்டு ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பெயரில். சில வேளைகளில் இடையில் இன்னும் ஓர் ஏஜென்சி. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நிறம்கூட வேறாக இருப்பதுண்டு. ஆறு மாதமோ ஓராண்டோ ஒப்பந்தம். நீட்டித்தால் உண்டு, இல்லையேல் இல்லை. நிரந்தரமாக்குவோம் என்ற வாக்குறுதியை நம்பி, காய்ச்சலோடும் இரவு பதினொரு மணிக்கு அமெரிக்க வாடிக்கையாளரின் அழைப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 2019 மார்ச் நிலவரப்படி கூகுள் நிறுவனத்தில் நிரந்தர ஊழியர்கள் சுமார் 1,02,000 பேர். தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர்கள் சுமார் 1,21,000 பேர் என்று நியூயார்க் டைம்ஸ் நாளேடு எழுதியது. ஆண்டுக்கணக்கில் 'தற்காலிகமாக' வேலை வாங்கிய வழக்கில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் 9 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

இந்தப் பிள்ளைகளின் கோபமெல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள் மீதுதான் விழுகிறது. அவர் மேனேஜர். அவரும் நம் பங்கில்தான் இருக்கிறார். ஞாயிறு திருப்பலியில் கைப்பேசியை இருமுறை எடுத்துப் பார்ப்பவர் அவராக இருக்கலாம். (நாம் முறைத்துப் பார்க்கிறோம்.) அவருடைய நிலை என்ன? புதிதாக நிரந்தர ஆள் எடுக்க மேலிடம் அனுமதிப்பதில்லை. வேலையின் கெடு மட்டும் மாறுவதில்லை. எனவே ஒப்பந்தத்திற்கு ஆள் எடுக்கிறார். எடுத்தவருக்குச் சம்பளம் கூட்ட அவரால் முடியாது. ஒப்பந்தத்தை நீட்டிப்பதும் அவர் கையில் இல்லை. வேலை தாமதமானால் மட்டும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருக்கும் பாதுகாப்பு இல்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களே பாதிக்கப்படுவார்கள் என்றது.

விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வைக்கோல் தரமாட்டேன், செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது என்கிறான் பார்வோன். கணக்குக் குறைந்தபோது அடிபட்டவர்கள் யார்? அடிமைகளுக்குமேல் நியமிக்கப்பட்டிருந்த இஸ்ரயேல் மேற்பார்வையாளர்கள். பார்வோனிடம் முறையிடப் போனால் சோம்பேறிகள் என்ற ஏச்சு கிடைக்கிறது. திரும்பி வரும் வழியில் அவர்கள் தங்கள் கோபத்தை மோசே, ஆரோன் மீது கொட்டுகிறார்கள். மேலே காட்ட முடியாத கோபம் பக்கத்தில் இருப்பவர்மேல் பாய்கிறது. நம் அலுவலகங்களில் அது பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஊழியர்மேல் பாய்கிறது, அவர் திருப்பிப் பேசமாட்டார் என்பதால்.

2025 ஜனவரியில் ஒரு பெருநிறுவனத் தலைவர் வாரம் 90 மணி நேர உழைப்பைப் பற்றிப் பேசி, ஞாயிறன்று வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தியதை நாம் கேட்டோம். வாரம் 55 மணி நேரத்துக்குமேல் உழைப்பதால் ஏற்பட்ட பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016-இல் மட்டும் உலகில் 7,45,000 பேர் இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டன. 2024 ஜூலையில் புனேயில், பணியில் சேர்ந்து நான்கே மாதத்தில், கேரளத்தைச் சேர்ந்த 26 வயது தணிக்கையாளர் ஒருவர் இறந்தார். வேலைப்பளுவே காரணம் என்று அவருடைய தாய் நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினார். நிறுவனம் அதை ஏற்கவில்லை. அடக்கத்திற்கு நிறுவனத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்ற வரிதான் அக்கடிதத்தில் என்னை அதிகம் தைத்தது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய சுற்றுமடலில், நேரடி முதலாளி, மறைமுக முதலாளி என்று இருவரைப் பிரித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டு வேலைக்கு வைப்பவர் முதலாமவர். அவர் எப்படி நடந்துகொள்ள முடியும் என்பதைத் தீர்மானிக்கும் அரசும் அமைப்புகளும் சூழலும் இரண்டாமவர். பொறுப்பு அவருக்கும் உண்டு. கணினித் துறைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. விலையைக் குறைத்துக்கொண்டே போகும் தொலைதூர வாடிக்கையாளரும் அந்த மறைமுக முதலாளியில் அடங்குவார் என்பது என் எண்ணம்.

சட்டம் ஓரளவு அசைந்திருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பணி நியமனக் கடிதம் கட்டாயம்; குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாக அமர்த்தப்பட்டவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை. ஆனால் தொழில் உறவுத் தொகுப்பின்படி நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் 'தொழிலாளி' அல்லர். ஆகவே மேனேஜருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. மேனேஜர் என்பது பெயரளவில்தான், செய்வது தொழிலாளியின் வேலையே என்று சொல்லி நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒரு மேனேஜரால் என்னதான் செய்ய முடியும் என்று கேட்கலாம். சம்பளம் அவர் கையில் இல்லை, கெடுவும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் நீளுமா முடியுமா என்பதைக் கடைசி வெள்ளிக்கிழமை மாலையில் சொல்லாமல், தமக்குத் தெரிந்த அன்றே அந்தப் பிள்ளையிடம் சொல்லலாம். அவருக்கே தெரியாத நாட்களும் உண்டு. அப்போது, தெரியாது என்பதையாவது சொல்லலாம்.