ஜலபோம்பு, துரோகம், இன்னும் சில சொற்கள்

முல்லைப்பெரியாறு பற்றி நடுப்பக்கக் கட்டுரை வந்தால் நான் முதலில் பார்ப்பது வினைச்சொற்களைத்தான். "அஞ்சப்படுகிறது", "கருதப்படுகிறது", "எச்சரிக்கப்படுகிறது" என்று வரிசையாக வந்தால் உஷாராகிவிடுவேன். யார் அஞ்சினார், யார் கருதினார்? அணையைப் பார்த்த பொறியாளரா, இல்லை கட்டுரையாளரின் மாமாவா? கடைசி வரி வரைக்கும் ஆளைக் காட்டமாட்டார்கள்.

எங்கள் சக்குபள்ளம் பக்கம் இந்த விளையாட்டுக்குக் கொடுத்த விலை கொஞ்சமில்லை. அதனால்தான் இந்தப் புலம்பல்.

மலையாளப் பத்திரிகைகளில் புழங்கும் "ஜலபோம்பு" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வெடிகுண்டு. குண்டு என்று சொன்ன கணத்திலேயே வாதம் முடிந்துபோச்சு. குண்டின் உறுதித்தன்மையை யாராவது ஆய்வு செய்வார்களா? குண்டு என்றால் வெடிக்கும், வைத்தவன் எதிரி, அவ்வளவுதான். அணை என்று எழுதினால்தான் எத்தனை அடி, என்ன பலப்படுத்தினார்கள், யார் சோதித்தார்கள் என்ற கேள்வியெல்லாம் வரும்.

அடுத்தது "சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டிய 19ஆம் நூற்றாண்டு அணை". பொய்யில்லை, 1895இல் கட்டி முடித்த அணைதான். ஆனால் 1979இல் குஜராத்தில் மச்சு அணை உடைந்த பீதிக்குப் பிறகு மத்திய நீர் ஆணையம் சொன்னபடி மேலே கான்கிரீட் தொப்பி போட்டது, எஃகுக் கம்பிவடங்களால் பாறையோடு இழுத்துக் கட்டியது, பின்பக்கம் கான்கிரீட் சுவர் அணைத்தது எல்லாம் அந்த வாக்கியத்தில் காணாமல் போய்விடும். அந்த வேலைகள் நடப்பதற்காகத்தான் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. கட்டுரைகளிலோ 136 என்பதே "பாதுகாப்பான அளவு" ஆகிவிட்டது. தற்காலிகம் எப்போது நிரந்தரமானது என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம் "வெள்ளைக்காரன் திணித்த 999 வருட ஒப்பந்தம்". 1886இல் திருவிதாங்கூர் மன்னர் அரசு சுதந்திரமாகவா கையெழுத்துப் போட்டிருக்கும் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் 1970இல் கேரள அரசே துணை ஒப்பந்தம் போட்டது, ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை 30 ரூபாயானது, மீன்பிடி உரிமை கேரளாவுக்குத் திரும்பியது. 1886ஐ பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் 1970ஐ ஒரு வரியில்கூடத் தொடமாட்டார்கள். சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் இங்கே வேலை செய்கிறது.

2021இல் வந்த இன்னொன்று, "ஐ.நா.வே எச்சரித்துவிட்டது". எழுதியது ஐ.நா. பல்கலைக்கழகத்தின் ஒரு ஆய்வு நிறுவனம். உலகம் முழுக்க வயதாகும் அணைகளைப் பற்றி, ஏற்கெனவே வெளிவந்த தகவல்களைத் தொகுத்துப் போட்ட அறிக்கை அது. அது "ஐ.நா. தீர்ப்பு" அளவுக்கு ஊதிப்போச்சு.

நிற்க. நம்மாட்கள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை.

"தண்ணீர் தர மறுக்கும் கேரளா" என்று தமிழில் எத்தனை தலைப்புகள்! கேரளாவின் நிலைப்பாடு தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு, அதற்குப் புது அணை என்பது. அந்தப் புது அணை யார் கையில் இருக்கும், நம் உரிமை என்னாகும் என்று தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் சொல்லாததைச் சொன்னதாக எழுதினால் அது வாதமில்லை, ஜல்லி.

அதேபோல "உச்சநீதிமன்றமே பாதுகாப்பு என்று சொல்லிவிட்டது, இனிப் பேச்சே கிடையாது". 2014 மே 7 தீர்ப்பு நமக்குச் சாதகம்தான். கேரளாவின் 2006 சட்டத் திருத்தம் செல்லாது என்றது, 142 அடி வரை தேக்கலாம் என்றது. நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழுவும் அணை உறுதியாக இருப்பதாகத்தான் அறிக்கை கொடுத்திருந்தது. ஆனால் அதே தீர்ப்புதான் மேற்பார்வைக்கு மூவர் குழுவும் போட்டது. இனிப் பார்க்கவே வேண்டாம் என்றால் குழு எதற்காம்? வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாற்றிலும் ஆற்றோரம் படுத்துத் தூங்குகிறவனின் பயத்தை "நாடகம்" என்று எழுதுகிற நம்மூர்ப் பேனாவுக்கு, ஒரு மழை ராத்திரி அங்கே தங்கிப் பார்க்கத் தைரியம் உண்டா?

இனி விலையைச் சொல்கிறேன். 2011 நவம்பரில் இடுக்கியில் சின்னச் சின்ன நில அதிர்வுகள், 'டேம் 999' படம், தினம் ஒரு நடுப்பக்கம். டிசம்பரில் இடுக்கி ஏலத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள் அடிவாங்கினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கைக்குழந்தைகளோடு காட்டுவழியாகத் தேனிப் பக்கம் இறங்கி ஓடினார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளும் நகைக்கடைகளும் உடைந்தன. ஐயப்பமாரின் வண்டிகள்கூடத் தப்பவில்லை.

அணை உடைந்தால் தண்ணீர் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை என்று இடுக்கி அணையை நோக்கிப் போகும். சக்குபள்ளம் அந்த வரிசையிலேயே இல்லை. தண்ணீர் வராத மேட்டுக்கெல்லாம் சொல் ஏறி வந்துவிட்டது.

அடித்தார்கள், ஓடினார்கள் என்ற சேதியையாவது நேராக எழுதினார்களா? "எல்லையில் பதற்றம்", "இரு தரப்பு மோதல்". ஏலக்காய் பறிக்கக் கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து வரும் அக்காக்கள் எந்தத் "தரப்பு"? "மோதல்" என்று எழுதினால் அடித்தவனும் அடிபட்டவளும் ஒன்றாகிவிடுகிறார்கள். இடுக்கியிலேயே பிறந்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் தமிழனை "வெளிமாநிலத் தொழிலாளி" என்று எழுதுவதும் இதே ரகம். ஒரே ஒரு அடைமொழியில் மூன்று தலைமுறையை மலையிறக்கிவிட்டார்கள்.

இதை ஏன் வெளிநாட்டில் இருக்கிற நம்மிடம் சொல்கிறேன் என்றால், ஊரில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. கட்டுரை என்ன கத்தினாலும் காலையில் அதே மலையாளி சேட்டன் கடையில் டீ குடித்தாக வேண்டும், அந்தச் சேட்டனும் கம்பத்துக் காய்கறியைத்தான் வாங்கியாக வேண்டும். சொல்லின் சூடு அங்கேயே பாதி இறங்கிவிடும். நமக்கு அந்தக் கடை இல்லை. எழுத்து மட்டும்தான் வருகிறது, அதுவும் நமக்குப் பிடித்த பக்கத்திலிருந்து மட்டும். அதைப் படித்துவிட்டு ஊருக்குப் போன் போட்டு "விடாதீங்கடா" என்று உசுப்பேற்றுவது நாம்தான். அடி வாங்குவது அவர்கள்.

அதனால் அடுத்த கட்டுரை கைக்கு வரும்போது நாலே நாலு கேள்வி கேளுங்கள் மக்களே. செய்தவர் பெயர் இருக்கிறதா? எந்த வருஷத்தைச் சொல்கிறார், எந்த வருஷத்தைத் தாண்டிக் குதிக்கிறார்? அடைமொழிகளை எடுத்துவிட்டால் தகவல் ஏதாவது மிஞ்சுகிறதா? இதே சொல்லை நம்மீது போட்டால் நாம் ஒத்துக்கொள்வோமா?

நாலில் இரண்டு தேறாவிட்டால் ஊருக்கு அனுப்பாதீர்கள். அங்கே நாளைக்கும் ஜீப் மலையேற வேண்டும்.